கிருமி நடக்கும் பாதை

மாத்தளை நகரின் முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத் திருவிழாவின்போது ஐந்து தேர்கள் வீதி வலம் வருகின்றன. அத்தேர்களைக் காணத் திரளும் மக்களுட் பலருடைய முன்னோர், இந்நகருக்கு ஒரே ஒரு பாதை வழியாகவே வந்தவர்கள். மன்னார்க் கரையிலே தொடங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா ஆகிய ஊர்களைத் தொட்டு, மாத்தளையிலே வந்து முடியும் அப்பாதைக்கு வடபாதை என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில், தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து புறப்பட்ட மக்கள் தோணிகளிலே கடல் கடந்து கரையிறங்கினர். பின்னர் கங்காணியின் பின்னே வரிசையாக, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியை நடந்தே கடந்தனர். மலைநாட்டின் முதல் வாயிலாக அவர்கள் கண்டது மாத்தளையையே.

வழி நெடுகிலும் நீர் குறைவு, நிழல் குறைவு, உணவும் குறைவு. வாந்திபேதி கண்டவன் நடக்க மாட்டாமல் வழியோரத்தில் அமர்ந்தான். அமர்ந்தவருட் பலர் எழவில்லை. மாத்தளையை வந்தடைந்தவர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு ஓரளவு உண்டு. வழியிலே மாண்டவர் எத்தனை பேர் என்பதற்குச் சரியான கணக்கே இல்லை.

நோய் பரவியபோது, அக்காலத்தில் எழுந்த பேச்சு ஒன்றுதான். “இவர்கள் நோயைச் சுமந்து வருகிறவர்கள்” என்றனர். பாதையோரத்து ஊரார் அஞ்சி விலகினர். தோட்டத்துரைமார் குறை கூறினர். அதிகாரிகள் ஐயத்தோடு நோக்கினர். அவ்வச்சம் இயல்பானதே. எனினும் அதனுள்ளே ஒரு பெரும் பிழை மறைந்திருந்தது. நோய் ஆளோடு வரலாம். ஆனால் ஆள் நோய் அல்லன். கிருமிக்கென்று ஒரு பாதை உண்டு. அப்பாதையை அடைத்தால் நோய் நிற்கும். ஆளைப் பழித்தால் நிற்காது. மாத்தளை மாவட்டத்தின் நூற்றெழுபது ஆண்டுக் கால நோய் வரலாறு முழுவதும் இவ்வுண்மையையே மீண்டும் மீண்டும் காட்டுகின்றது.

கிருமி என்னும் ஒரு சொல்லுக்குள் பல இனங்கள் அடங்கியுள்ளன. ஓர் உயிரணுவே உடலாகக் கொண்ட பற்றீரியா ஓர் இனம். அதனினும் மிகச் சிறியதாய், பிற உயிரணுவினுள் புகுந்தாலன்றிப் பெருக மாட்டாத வைரசு மற்றோர் இனம். விலங்கின் உயிரணுவை ஒத்த அமைப்புடைய ஓரணு ஒட்டுண்ணி மூன்றாவது. கண்ணுக்குத் தெரியும் அளவினதாயினும் உடலுக்குள்ளே ஒளிந்து வாழும் புழுக்கள் நான்காவது. இவற்றுள் ஒன்றுக்கு உதவும் மருந்து பெரும்பாலும் மற்றொன்றுக்கு உதவாது. எல்லாக் கிருமிகளும் ஒரே வாயில் வழியே புகுவதும் இல்லை. ஆகவே, எந்தக் கிருமி, எந்த வாயில் என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை கண்ட பிறகே மருத்துவம் முழுப் பயன் தரத் தொடங்கியது.

வடபாதையில் மக்களை வீழ்த்திய வாந்திபேதியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். காற்புள்ளியைப் போல வளைந்த ஒரு பற்றீரியா அந்நோய்க்குக் காரணம். 1854ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வைத்தியர் ஜோன் சினோ, இந்நோய் குடிநீர் வழியே பரவுவதை ஒரு தெருக்குழாயைச் சுற்றி நிகழ்ந்த மரணங்களைக் கொண்டு எடுத்துக்காட்டினார். 1884ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் றொபேட் கொக் கல்கத்தாவுக்கு வந்து, அக்கிருமியை நோயாளிகளின் குடலில் மட்டுமன்றி, மக்கள் குளித்தும் துவைத்தும் குடித்தும் வந்த ஒரு குளத்து நீரிலும் கண்டார். வாந்திபேதியின் வாயில், மனிதனின் வாயே. ஒருவனுடைய கழிவு மற்றொருவனுடைய குடிநீரில் கலக்கும் இடமே அக்கிருமியின் பாதை.

இவ்வுண்மையை மனத்திற்கொண்டு வடபாதையைத் திரும்பிப் பார்த்தால் காட்சி மாறிவிடுகின்றது. கோடையிலே வற்றிச் சுருங்கிய ஒரு குளம். அதன் கரையிலே இரவு தங்கும் ஒரு கூட்டம். மறுநாள் அதே கரைக்கு வரும் அடுத்த கூட்டம். முதற் கூட்டத்தில் ஒருவனுக்கு நோய் இருந்தால் போதும். பின்வருவோர் அனைவரும் அக்குளத்து நீரையே பருகுவர். அவர்கள் செய்த பிழை, தாகம் எடுத்தபோது தண்ணீர் குடித்ததுதான்! பாதையோரத்தில் மதில் கட்டிய கிணறுகளும், ஒதுக்கிடங்களும், தங்குமடங்களும் போதிய அளவில் இருந்திருந்தால் எத்தனையோ உயிர்கள் மாத்தளையை வந்து சேர்ந்திருக்கும்.

வாந்திபேதியிலே மனிதனைக் கொல்வது உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிவிடுவதே. கிருமி சுரக்கும் நஞ்சு குடலின் சுவரைத் தூண்டி, உடல் நீரை வெளியே இறைக்கச் செய்கின்றது. இழந்த நீரை உடனுக்குடன் ஈடுசெய்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வர். 1971ஆம் ஆண்டில், வங்க நாட்டு அகதிகள் எல்லை கடந்து வந்து குவிந்த முகாம் ஒன்றில், வைத்தியர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரைச் சத்தும் அளவாகக் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஆயிரக்கணக்கானோரைக் காத்தார். குடலின் சுவர் உப்பைச் சர்க்கரைச் சத்தோடு சேர்ந்தபோது எளிதில் ஏற்றுக்கொள்ளும். உப்பின் பின்னே நீரும் உள்ளே செல்லும். இவ்வளவு எளிய வைத்தியம் கிடைப்பதற்குள், வடபாதை காடேறி மறைந்துவிட்டது.

அப்பாதையில் வந்த மற்றொரு கொடிய நோய் வைசூரி. அது வைரசினால் உண்டாவது. பெரும்பாலும் நோயாளியின் மூச்சுக் காற்றாலும் நெருங்கிய பழக்கத்தாலும் தொற்றுவது. மாரியம்மனை வணங்கிய மக்கள், அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகினர். வெளியார் உள்ளே வருவதைத் தவிர்த்தனர். வழிபாட்டோடு கலந்த அவ்வழக்கம் நோயாளியை ஓரளவு தனிமைப்படுத்தவும் உதவியது. பின்னாளில் இந்தியக் கரையில் மண்டபம் முகாம் அமைந்து, வருவோரைச் சில நாள் தங்கவைத்து, அம்மைப்பால் குத்திய பின்னரே கப்பலேற்றினர். அம்மைப்பால் உலகெங்கும் பரவி, அக்கிருமிக்குத் தங்க ஓர் உடலும் இல்லாமற் செய்தது. 1980ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வைசூரி உலகை விட்டே ஒழிந்தது என அறிவித்தது. ஒரு பாதை முற்றாக அடைபட்டது.

ஆயினும், முகாமிலே வருவோரைக் காவல் செய்வதோடு தோட்டங்களின் நோய் முடிந்துவிடவில்லை. அதை உணர்த்திய நிகழ்ச்சி 1916ஆம் ஆண்டில் மாத்தளையிலேயே நிகழ்ந்தது. அமெரிக்க நாட்டு றொக்பெல்லர் அறநிலையம் கொழுக்கிப் புழுவை ஒழிக்கும் முயற்சியை இலங்கையில் தொடங்கியபோது, முதற் களமாக அமைந்தது மாத்தளைப் பகுதித் தோட்டங்களே. அக்காலத்தில் அங்கே தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் பயிராயின. தொழிலாளரைப் பரிசோதித்தபோது, மிகப் பெரும்பாலோருடைய குடலில் அப்புழு இருக்கக் காணப்பட்டது.

கொழுக்கிப் புழு ஏறக்குறைய ஒரு சென்டிமீற்றர் நீளமுள்ளது, நூலிழை போன்றது. சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கின்றது. ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது ஒரு துளியிலும் குறைவு. ஆனால் ஒருவனுடைய குடலில் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஆண்டுக்கணக்கிலே குடித்துக்கொண்டிருந்தால் அவன் நிலை என்னவாகும்? உடல் வெளுக்கும், மூச்சு வாங்கும், முகமும் காலும் வீங்கும், மலைச்சரிவில் ஏறக் கால் எழாது. கருவுற்ற பெண்களுக்கோ இச்சோகை உயிருக்கே ஆபத்து. இத்தகைய ஒருவன் மலை மீது குனிந்து வேலை செய்யமாட்டாமல் நிற்கும்போது, கணக்கப்பிள்ளை அவனைச் சோம்பேறி என்றார். துரை அவன் பெயரை அரைநாட் கூலியிலே எழுதினார். அவனுடைய சோம்பல் என்று கருதப்பட்டது, அவனுடைய இரத்தத்தில் இல்லாமற்போன இரும்புச் சத்தே அன்றி வேறன்று.

இப்புழு உடலுக்குள் எவ்வாறு புகுகின்றது? நெடுங்காலம் அறிஞரும் அதனை அறியார். வாய் வழியாகவே புகும் என்று எண்ணியிருந்தனர். கெய்ரோ நகரில் ஆராய்ந்துகொண்டிருந்த ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞரின் கையிலே, புழுக்குஞ்சுகள் நிறைந்த நீர் தற்செயலாகச் சிந்தியது. சிந்திய இடத்தில் அரிப்பு உண்டாயிற்று. சில வாரங்களுக்குப் பின்னர் அவருடைய மலத்திலேயே அப்புழுவின் முட்டைகள் காணப்பட்டன. தோலே வாயில் என்பது அதனால் புலனாயிற்று.

நோயாளியின் மலத்தோடு ஆயிரக்கணக்கான முட்டைகள் வெளியேறுகின்றன. வெப்பமும் ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் அவை ஓரிரு நாளில் பொரிக்கின்றன. ஒரு வார அளவில் குஞ்சுகள் தோலைத் துளைக்கும் வலிமை பெறுகின்றன. வெறுங்காலோடு அம்மண்ணை மிதிப்பவனின் விரலிடுக்கு வழியே அவை உட்புகுந்து, இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழாய் வழியே மேலேறி, மீண்டும் விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்கின்றன. லயங்களுக்கு மலசலகூடம் இல்லாத தோட்டத்திலே, மக்கள் ஒதுங்கும் இடம் லயத்துக்குப் பின்னே உள்ள மரநிழல். நாள்தோறும் வெறுங்காலோடு நடக்கும் இடமும் அதுவே. கொழுக்கிப் புழுவுக்கு அதனினும் சிறந்த பாதை வேண்டியதில்லை.

1916ஆம் ஆண்டின் முயற்சியிலே மருந்து கொடுக்கப்பட்டது. கீனோப்போடியம் என்னும் பூண்டின் எண்ணெயே அந்நாளில் முக்கியமான மருந்து. பட்டினி இருந்து, கசப்பான அவ்வெண்ணெயை உட்கொண்டு, பேதிக்கும் குடிக்க வேண்டும். புழுக்கள் வெளியேறின, சோகை குறைந்தது, முகங்களில் நிறம் திரும்பியது. முயற்சி வெற்றி பெற்றதாகவே தோன்றியது. ஆனால் மருந்துண்டவன் திரும்பிச் சென்றது அதே லயத்துக்கு. அவன் கால் மிதித்தது அதே மண்ணை. மலசலகூடம் கட்டுவதற்குச் செலவிட வேண்டியவர்கள் தோட்ட உரிமையாளர்கள். மருந்தை வரவேற்ற அளவுக்கு அச்செலவை அவர்கள் வரவேற்கவில்லை. சில காலத்திற்குள் புழு மீண்டும் குடலை அடைந்தது.

மாத்தளை கற்பித்த பாடம் அதுவே. உடலுக்கு மருந்து கொடுத்து, மண்ணை அப்படியே விட்டால் மருந்து ஓட்டைக் குடத்தில் வார்த்த நீராகிவிடும். பழக்கம் கெட்டவர்கள் என்று தொழிலாளரைக் குறை கூறுவது எளிது. இருபது குடும்பங்களுக்கு ஒரு நல்ல மலசலகூடம்கூட இல்லாத இடத்திலே நற்பழக்கம் எங்கிருந்து வரும்? இவ்வனுபவம் மெல்ல மெல்லச் சுகாதார இலாகாவின் கண்களைத் திறந்தது. 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் இலங்கையின் முதற் சுகாதாரப் பிரிவு தோன்றியது. நோய் வந்தபின் மருந்து கொடுப்பதோடு நில்லாமல், கிணறு, கழிவிடம், தாய் சேய் நலம், பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலம் ஆகிய அனைத்தையும் ஒருங்கே கவனிக்கும் முறை அங்கே உருவாகி நாடெங்கும் பரவியது. இன்று வீடு தோறும் வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், குடும்ப நல மாதும் அம்முறையின் வழிவந்தவர்களே.

மூன்றாவது வாயில் நுளம்பின் ஊசி. மாத்தளை மாவட்டத்தின் வடபகுதி உலர் வலயத்தைச் சேர்ந்தது. முறைக்காய்ச்சல் அங்கே நெடுங்காலம் குடியிருந்தது. அதற்குக் காரணமான ஓரணு ஒட்டுண்ணியை 1880ஆம் ஆண்டில் இலாவெரான் என்னும் பிரெஞ்சு வைத்தியர் இரத்தத்தில் கண்டார். 1897ஆம் ஆண்டில் றொனால்ட் றொஸ் சிக்கந்தராபாத்தில் அதனை நுளம்பின் வயிற்றிலே கண்டார். இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய தலையாய நுளம்பு, தெளிந்த நீரில், வெயில் படும் சிறு குட்டைகளில் முட்டையிடுவது. ஆகவே மழை மிகுந்தால் அன்றி, மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகச் சுருங்கும்போதே ஆபத்து மிகுதி. 1934ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிய கொள்ளைநோய் 1935ஆம் ஆண்டு முடிவதற்குள் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. முன்னர் அந்நோயை மிகுதியாக அறியாத ஈரப் பகுதி மக்களே பெரிதும் மாண்டனர்; பசியால் மெலிந்த உடலில் காய்ச்சல் எளிதில் வென்றது.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் டி.டி.ரி. மருந்து வந்தது. வீட்டுச் சுவர்களில் அது தெளிக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் கண்டறியப்பட்ட நோயாளிகள் 17 பேரே. நோய் ஒழிந்தது என எண்ணிக் காவலைத் தளர்த்தினர். 1969ஆம் ஆண்டில் அத்தொகை 5 இலட்சத்தைக் கடந்தது. மாத்தளை மாவட்டத்தை அடுத்த எலகெரப் பகுதியில், இரத்தினக்கல் தேடித் தோண்டி மூடாது விட்ட குழிகளில் நீர் தேங்க, அங்கும் நுளம்பு பெருகியது. பின்னர் ஓய்வறியாத உழைப்பால், 2012ஆம் ஆண்டின் பின் உள்நாட்டிலே தொற்றிய நோயாளி இல்லை என்னும் நிலை உண்டாயிற்று. 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு எனச் சான்றளித்தது. நுளம்பு ஒழிந்துவிடவில்லை என்பதை மறத்தலாகாது. வெளிநாடு சென்று திரும்புவோருடைய இரத்தத்தில் ஒட்டுண்ணி இன்றும் வரக்கூடும். அவ்வாறு வருபவரை ஒதுக்கினால் அவர் காய்ச்சலை மறைப்பார். அன்போடு அழைத்து இரத்தத்தைப் பரிசோதித்தால் நோய் அவரோடு நின்றுவிடும். வடபாதையின் பழைய பிழையை விமான நிலையத்திலே மீண்டும் செய்ய வேண்டியதில்லை.

நான்காவது வாயில் இன்றும் திறந்தே இருக்கின்றது. 2008ஆம் ஆண்டில் எலிக்காய்ச்சல் இலங்கையில் பெருவாரியாகப் பரவி, 7,000 பேருக்கு மேற்பட்டோரைப் பாதித்தது. 200 பேருக்கு மேல் இறந்தனர். மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. திருகுசுருளைப் போன்ற மெல்லிய பற்றீரியா இந்நோய்க்குக் காரணம். அது எலியின் சிறுநீரகத்தில் எலிக்குத் தீங்கு செய்யாமல் வாழ்கின்றது. மாடு முதலிய விலங்குகளிலும் இருக்கும். அவற்றின் சிறுநீரோடு வயல் நீரிலும் சேற்றிலும் கலந்து, அங்கே இறங்குபவனின் காலில் உள்ள சிறு கீறல் வழியாகவோ, கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மென்தோல் வழியாகவோ புகுகின்றது.

கடுங்காய்ச்சல், தலைவலி, கெண்டைக்காலிலே தாங்கொணா வலி, கண் சிவத்தல் ஆகியவை அதன் அறிகுறிகள். முற்றினால் மஞ்சள் நிறம் தோன்றும், சிறுநீர் குறையும், சிறுநீரகமும் ஈரலும் நுரையீரலும் பழுதுறும். காலங் கடவாமல் மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் குணமடைவர். இங்கே உயிர் காப்பது ஒரு சிறு வாக்கியமாகவும் இருக்கலாம். “வயலில் இறங்கி வேலை செய்தேன்” என்று காய்ச்சலோடு வருபவன் வைத்தியரிடம் சொல்லிவிட்டால், அவர் எந்தக் கிருமியைத் தேட வேண்டும் என்பது தெளிவாகிவிடும். ஆபத்து மிகுந்த பகுதிகளில், விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் வயலில் இறங்குவோருக்கு வாரந்தோறும் உட்கொள்ளும் தடுப்பு மாத்திரையைச் சுகாதாரப் பகுதியினர் வழங்குகின்றனர். பரிசோதகர் அம்மாத்திரையை நீட்டும்போது, “எனக்குக் காய்ச்சலே இல்லையே” என்று மறுப்பது தவறு. அது காய்ச்சலுக்கு மருந்தன்று. கிருமியின் பாதையில் போடும் தடையாகும்.

வாய், தோல், நுளம்பின் ஊசி, காலின் கீறல் என நான்கு வாயில்களையும் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இந்நோய்களுக்கு ஆளானவர்கள் பெரும்பாலும் நடந்தவர்கள், குனிந்து உழைத்தவர்கள், சேற்றில் இறங்கியவர்கள். வேலையே அவர்களைக் கிருமியின் பாதையில் நிறுத்தியது. அவர்களுக்குத் தேவைப்பட்டவை தூய நீர், நல்ல மலசலகூடம், காலுக்குச் செருப்பு, காலத்தில் வைத்தியம் ஆகியவையே. இவை கிடைத்த இடத்திலெல்லாம் நோய் பின்வாங்கியது. கிடைக்காத இடத்தில் எந்த மருந்தும் நெடுநாள் நிலைக்கவில்லை.

மலைநாட்டு லயங்களிலே இன்றும் நல்ல குடிநீரும், குடும்பத்துக்கொரு மலசலகூடமும் இல்லாதோர் உளர். 1916ஆம் ஆண்டில் மாத்தளை கற்பித்த பாடம் அங்கே இன்னும் முழுமையாகக் கற்கப்படவில்லை. கிணற்றுக்கு மதில் எழுப்புபவனும், குழியை மூடுபவனும், மலசலகூடம் கட்டுபவனும் வைத்தியனுக்கு நிகரானவர்களே. வடபாதையில் வீழ்ந்து பெயரும் அறியப்படாமல் மறைந்தவர்களுக்கு எழுப்பக்கூடிய சிறந்த நினைவுச் சின்னமும், ஒருவேளை, ஒரு நல்ல கிணறாகவே இருக்கும்.